சித்தப்பாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

சித்தப்பா திடீரென்று கண்ணாடி இல்லாமல் வலை முடியத் தொடங்கியபோது தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவே வியந்தது. பதினைந்து ஆண்டுகளாக வெள்ளெழுத்துக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவர், அதைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். நைலான் நூலை ஊசியில் சுற்றிக்கொண்டு, கிழிந்த வலையின் கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். "அறுபத்தேழு வயதில் எனக்குப் பார்வை திரும்பிவிட்டது" என்று தேநீர்க் கடையில் பெருமை வேறு.

பார்வை திரும்பவில்லை, கண்புரைதான் வந்திருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுப்பேறும்போது ஒளியை அதிகமாக வளைக்கும். அதனால் ஒருவகைக் கிட்டப்பார்வை உண்டாகிக் கையருகில் இருப்பது சில மாதங்களுக்கு நன்றாகத் தெரியும், தூரம் மங்கிவிடும். இரவில் எதிரே வந்த விசைப்படகின் விளக்கு ஒன்றா இரண்டா என்று மகனிடம் கேட்க வேண்டியிருந்ததை அவர் தேநீர்க் கடையில் சொல்லவில்லை. சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் என்று முடிவான பிறகு அலைந்தது நான். மண்டபத்தில் இறால் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். ஒரு தாளில் கட்டம் போட்டு விலை எழுதியிருந்தால் அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்படி ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான்கு கட்டங்கள். வெள்ளியில் தொடங்கி வைரத்தில் முடிந்த பெயர்களைப் பார்த்து நகைக்கடைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஒரு கண்ணுக்கு 22,000 ரூபாய், 38,000, 62,000, கடைசிக் கட்டத்தில் 1,15,000. அங்கிருந்த ஆலோசகப் பெண் கேட்ட முதல் கேள்வி, காப்பீடு இருக்கிறதா என்பது. சித்தப்பா என்ன வேலை செய்கிறார் என்று கடைசிவரை கேட்கவில்லை. "லேசர் முறை, மூன்று தூரமும் தெரியும் லென்ஸ். ஐயாவுக்கு வாழ்நாள் முழுவதும் கண்ணாடியே தேவைப்படாது" என்று நான்காவது கட்டத்தின் மேல் பேனாவால் வட்டம் போட்டார்.

அந்தத் தாளில் இருந்த கோளாறு எனக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள். புரையை எப்படி எடுப்பது என்பது ஒன்று, எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பது மற்றொன்று. முதலாவதைக் கண்ணின் நிலை முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதை, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்கிறார் என்பது முடிவு செய்ய வேண்டும். பணம் இரண்டுக்கும் பிறகு வர வேண்டியது. தாளில் அதுதான் முதலில் நின்றது.

எடுக்கும் முறையில் நடைமுறையில் இருப்பவை இரண்டு. தையல் இல்லாத சிறு கீறல் முறையில், வெள்ளைவிழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக ஒரு சுரங்கம் போல வெட்டி, புரையின் கருவை முழுதாக வெளியே கொண்டுவருகிறார்கள். சாய்வாக வெட்டுவதால் கண்ணின் உள் அழுத்தமே வழியை அடைத்துக்கொள்ளும், தையல் தேவைப்படாது. விலையுயர்ந்த யந்திரமும் தேவையில்லை. இரண்டாவது பேகோ. 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த முறை. பல் மருத்துவரிடம் போனவர், பல்லில் படிந்த காறையை அதிர்வால் உதிர்க்கும் கருவியைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். கருவிழியின் ஓரத்தில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் துளை போதும். மீயொலி அதிர்வால் புரையைத் தூளாக்கி உறிஞ்சிவிட்டு, மடக்கிய லென்ஸை உள்ளே செலுத்துகிறார்கள். அது உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

பேகோவின் பலன்கள் உண்மையானவை. பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போகச் செய்துவிடலாம், ஊசி தேவையில்லை. துளை சிறியது என்பதால் கண் சீக்கிரம் தேறும், கருவிழியின் வளைவும் அதிகம் மாறாது. சிறு கீறல் முறையில் கண் சில நாட்கள் சிவந்திருக்கும், பார்வை நிலைப்பட வாரங்கள் ஆகும், வளைவு மாறுவதால் கண்ணாடித் தேவை சற்றுக் கூடும். ஆனால் இதை வைத்து ஒன்று புதியது மற்றது பழையது, ஒன்று நல்லது மற்றது ஏழைக்கானது என்று பேசுவது தவறு. நேபாளத்தில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்கள் கழித்துச் சோதித்தபோது இரு பிரிவிலும் 98 சதவீதத்தினருக்குக் கண்ணாடியின் உதவியோடு 6/18 (சாதாரணக் கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது.

எங்கள் அம்மாவுக்கு 2014-இல் பள்ளிக்கூடத்து முகாமில் பெயர் கொடுத்து, பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போய், சிறு கீறல் முறையில்தான் செய்தார்கள். பைசா செலவில்லை. எண்பது வயது தாண்டிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு இன்றும் அரிசியில் கல் பொறுக்குகிறார். இந்தக் கடற்கரையில் இப்படிப்பட்ட கண்கள் தெருவுக்கு நாலு இருக்கும். 1976-இல் மருத்துவர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும், 1992-இல் அதன் ஆரோலேப் நிறுவனம் லென்ஸை உள்ளூரிலேயே செய்து விலையை இறக்கியதும் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பாட்டில் அடி போன்ற சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்திருக்கும். என் பாட்டிக்குக் கிடைத்தது அதுதான். லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்த காலம் அது.

எந்தக் கண்ணுக்கு எந்த முறை என்பதை எனக்கு விளங்கவைத்தது அத்தையின் கண். பாம்பன் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, நீருக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கும் வேலை. வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழுக்கட்டும், பழுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு விட்டுவிட்டார். இந்தப் பழுக்க வைக்கும் நம்பிக்கை அந்தக் காலத்து ஆபரேஷனோடு போயிருக்க வேண்டியது. இன்று முற்ற விடுவதால் கெடுதல்தான். புரை மேலும் இறுகும். ஒளியால் கண்ணை அளக்கும் கருவி அடர்ந்த புரையைத் தாண்டிப் பார்க்க முடியாமல் போகும். மிகவும் முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறிக் கடும் வலியோடு பார்வையே போய்விடவும் கூடும்.

அத்தையின் புரை கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மருத்துவர் சிறு கீறல் முறைதான் என்றார். எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. இலவசம் என்பதால் பழைய முறையைத் தள்ளிவிடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். கல்லாக இறுகிய புரையைப் பேகோவில் உடைக்க அதிக அதிர்வு தேவைப்படும். கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக இருக்கும் செல்கள் அதில் அடிபடும். அவை திரும்ப வளர்வதில்லை, குறைந்துபோனால் கருவிழியே நீர்கோத்து மங்கிவிடும். முழுதாக எடுத்துவிட்டால் அந்த வம்பு குறைவு. சொட்டு மருந்து மட்டும் போட்டால் அத்தை கண்ணை அசைக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், காது வேறு மந்தம், ஊசி போட்டுச் செய்வதே மேல் என்றும் சேர்த்துச் சொன்னார். கட்டுப் பிரித்த மறுநாள் மங்கல்தான். ஐந்தாவது வாரத்தில் வாசலில் நின்றபடி எதிர்வீட்டுக் கூரையில் காயும் கருவாட்டைப் பார்த்து, அது நெத்திலி, சூடை இல்லை என்றார். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கடலில் முங்கக்கூடாது என்பதுதான் அவரால் பொறுக்க முடியாமல் போனது.

இனி லேசர். தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான், நான் மிகக் குறைவாக எழுதப்போவதும் இதைப் பற்றித்தான். லேசர் புரையைக் கரைத்து மறையச் செய்துவிடுவதில்லை. துளை போடுவது, லென்ஸின் உறையை வட்டமாக வெட்டுவது, கருவைத் துண்டாக்குவது ஆகிய மூன்றையும் கைக்குப் பதில் செய்துகொடுக்கிறது. அதன் பிறகு பேகோ யந்திரம்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். வட்டம் அளவெடுத்தது போல இருக்கும் என்பது நிஜம். ஆனால் பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் நடந்த இன்னொன்றும், சாதாரணப் பேகோவைவிட இதில் நோயாளிக்குக் கூடுதல் பார்வை கிடைப்பதாகக் காட்டவில்லை. கொடுக்கும் பணத்துக்குப் பலன் இல்லை என்பதே பிரெஞ்சு ஆய்வின் முடிவு. சித்தப்பாவின் தாளிலிருந்து லேசரை நான் அடித்துவிட்டேன். கருவிழியின் உட்செல்கள் ஏற்கெனவே குறைந்த கண் போன்ற சிலவற்றில் மருத்துவரே காரணம் சொல்லிப் பரிந்துரைத்தால் அது வேறு.

லென்ஸ் விஷயம் இப்படி ஒரு கோட்டில் அடித்துவிடக்கூடியது அல்ல.

கண்ணுக்குள் பிளாஸ்டிக்கை வைக்கலாம் என்ற தைரியமே போர்விமானம் தந்தது. விமானக் கூண்டு உடைந்து அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் கண் அவற்றை உறுத்தாமல் வைத்திருந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதல் செயற்கை லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இப்போது கிடைப்பவற்றைக் கடைக்காரர் அடுக்குவது போல அடுக்காமல், அவை ஒளியை என்ன செய்கின்றன என்று பார்த்தால் குழப்பம் குறையும். ஒற்றைக் குவிய லென்ஸ், வரும் ஒளி முழுவதையும் ஒரே தூரத்துக்குக் கொடுக்கிறது. தூரத்துக்கு வைத்தால் படிக்கவும் வலை முடியவும் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸ் அதே ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும், சிலவற்றில் நடுத்தூரத்துக்கும் பங்கு போடுகிறது. கண்ணாடியின் தேவை பெருமளவு குறையும். ஆனால் பங்கு போட்டால் ஒவ்வொரு பங்கும் சிறுத்துவிடும் அல்லவா? மங்கிய வெளிச்சத்தில் வேறுபாடு குறைந்து தெரியும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் விழும். நீள் குவிய லென்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்பது. தூரமும் நடுத்தூரமும் நன்றாக இருக்கும், வளையத் தொல்லை குறைவு, பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி கேட்கும்.

பல குவியம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. பகலில் வகுப்பெடுத்து, கைபேசி பார்த்து, இரவில் வண்டி ஓட்டாத ஓர் ஆசிரியைக்கு, விழித்திரை நன்றாக இருந்தால், அது வரமாகவே அமையலாம். சித்தப்பா இரவுக் கடலுக்குப் போகிறவர். நிலவில்லாத இரவில் அவருக்கு இருக்கும் ஆதாரமே விளக்குகள். பாம்பன் கலங்கரை விளக்கம், எதிர்ப்படகின் சிவப்பும் பச்சையும், வலையின் மறுமுனையில் மிதக்கும் சிறு விளக்கு. அவற்றைச் சுற்றி வளையம் போடும் லென்ஸுக்கு 1,15,000 ரூபாய் கொடுப்பது, ஓட்டைப் படகை அதிக விலைக்கு வாங்குவது. இந்த ஒரு கேள்வியை ஆலோசகப் பெண் கேட்டிருந்தால் வட்டம் வேறு கட்டத்தில் விழுந்திருக்கும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் கண் அழுத்த நோய் முற்றியவர்களுக்கும்கூட இந்த லென்ஸ் பொருந்தாது. அதனால் எந்த முறையானாலும் கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவற்றில் சில, ஆபரேஷனின்போது கண்மணியை விரியவிடாமல் சுருக்கிவிடும்.

மூன்றாவது கட்டத்தில் டோரிக் லென்ஸ் இருந்தது. கருவிழி பந்து போல் சீராக வளையாமல் ஒரு பக்கம் அதிகம் வளைந்திருப்பதைச் சரிசெய்வது. சித்தப்பாவின் வலது கண்ணில் இந்தக் கோளாறு 3 பவர் அளவுக்கு இருந்ததால், வைரம் வேண்டாம் என்றால் டோரிக்காவது கட்டாயம் என்றார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பவருக்கு மேல் போனால் டோரிக் உதவும் என்பது உண்மையும்கூட.

ஆனால் அவருடைய வலது கண்ணின் மூக்கோரத்தில், இறக்கை வடிவில் ஒரு சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்தவர்களில் பலருக்கு இது உண்டு, யாரும் நோயாகவே நினைப்பதில்லை. கடல் வெயில் கண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி, அமெரிக்காவின் மேரிலாந்து கரையில் 838 கடல் தொழிலாளர்களைச் சோதித்து 1988-இல் வெளியான ஆய்வு. வாழ்நாளில் பட்ட புறஊதாக் கதிரின் அளவு இரட்டிக்கும்போது லென்ஸின் புறப்பகுதியில் புரை வரும் ஆபத்து 1.6 மடங்கானது என்று அதில் கண்டார்கள். சதையும் அதே வெயில் தரும் சீர்தான். இரண்டாவதாகக் கருத்துக் கேட்கப் போன இடத்தில் ஒரு மூத்த மருத்துவர் விளக்கை ஓரமாக அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சதைதான் கருவிழியை இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. முதலில் இதை எடுங்கள். புண் ஆறிய பிறகு மறுபடி அளந்து பார்ப்போம்" என்றார்.

நவம்பரில் சதையை எடுத்தார்கள். பிப்ரவரியில் அளந்தபோது அந்த 3 பவர் 0.75-ஆக இறங்கியிருந்தது. டோரிக்கே தேவையில்லை. அவசரப்பட்டு முதலில் சொன்னபடி வைத்திருந்தால், பிற்பாடு சதையை எடுக்கும் நாளில், இல்லாத வளைவைத் திருத்தப்போய் லென்ஸே புதுக் கோளாறாகியிருக்கும். டோரிக்கில் இது சாதாரணத் தவறு அல்ல. கருவிழி வளைவின் அச்சோடு பொருந்தி நிற்க வேண்டிய லென்ஸ் அது, அந்த அச்சிலிருந்து 10 டிகிரி திரும்பினாலே அதன் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 30 டிகிரியில் பலனே இருக்காது. ஆகவே கண்ணில் சதை உள்ளவர்கள் லென்ஸின் விலையைப் பேசுவதற்கு முன்பு சதையைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

கடைசியில் சித்தப்பாவுக்குப் பேகோ, தூரத்துக்கு வைத்த ஒற்றைக் குவிய மடக்கு லென்ஸ், முதல் கட்டத்து விலை. உள்நாட்டு லென்ஸா வெளிநாட்டு லென்ஸா என்று நான் கொஞ்சம் தடுமாறினேன். நாட்டின் பெயரைவிட, நீர் ஒட்டாத அக்ரிலிக்கா, விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டதா என்று கேளுங்கள் என்றார் மருத்துவர். அப்படிப்பட்டவற்றில், லென்ஸைத் தாங்கி நிற்கும் உறை பிற்பாடு மங்கலாவது குறைவு. மங்கினாலும் பயமில்லை. புரை திரும்ப வந்துவிட்டது என்று ஊரில் சொல்வது அதைத்தான், சில நிமிட யாக் லேசரில் சரியாகிவிடும். லேசர் என்ற சொல் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது.

என் இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. என் கணக்கு வேறு. சிறுவயதிலிருந்தே மைனஸ் கண்ணாடி போட்டவன், தூரத்துக்குக் கண்ணாடி போடுவது எனக்குச் சட்டை போடுவது போல. வேலையெல்லாம் பேரேட்டிலும் கணினித் திரையிலும். ஒற்றைக் குவிய லென்ஸைத் தூரத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, கிட்டத்துக்கும் வைக்கச் சொல்லலாம். தாளில் அதற்குக் கட்டமே இல்லை, கூடுதல் விலையும் இல்லை. நான் அதைத்தான் கேட்கப்போகிறேன். எனக்குச் சதை இல்லை, வளைவுக் கோளாறு மட்டும் உண்டு, எனவே டோரிக்குக்கு மேற்கொண்டு பணம் தர எனக்கு மனத்தடையும் இல்லை.

நாளைக் குறித்தது சித்தப்பாதான், அதில் மட்டும் யாருடைய ஆலோசனையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது தன் நாட்டுப்படகான வல்லமும் கிடக்கட்டும், அப்போதுதான் வீட்டில் இருப்பது சோம்பேறித்தனமாகத் தெரியாது என்பது அவர் கணக்கு. மருத்துவக் கணக்கும் அதோடு ஒத்துப்போனது. சொட்டு மருந்துக்கு நாலைந்து வாரம், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், கடல் நீரும் அடுப்புப் புகையும் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. ஏப்ரல் 17-இல் வலது கண், மே மாதத் தொடக்கத்தில் இடது.

தடை முடிந்த இரவு மகனோடு போனார். திரும்பி வந்தவரிடம் விளக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "விளக்கு விளக்காகத் தெரிந்தது" என்று சொல்லிவிட்டு வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊசிக் காதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, சித்தியிடம் அந்த ஆணியில் இருக்கும் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். அதன் பவர் இப்போது சரிப்படவில்லை. மறுநாள் ராமேஸ்வரத்தில் 150 ரூபாய்க்கு வேறொன்று வாங்கி, பழைய கண்ணாடியின் நூலையே அவிழ்த்து அதில் கட்டிக்கொண்டார்.